பெயருக்கு மேல் ஒரு மகுடம்: நியூயார்க்கில் ஆறு நாட்கள்

முதல் நாள்: புரூக்ளின் அருங்காட்சியகம்

ஜெர்சி சிட்டியில் அக்கா வீடு. காலையில் பாத் ரயில் பிடித்து, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் புகுந்து, உலக வர்த்தக மையத்தில் மேலே ஏறி, அங்கிருந்து சப்வேயில் புரூக்ளின் போய்ச் சேர்ந்தோம். கூட வந்தவன் அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "எல்லாரும் சுதந்திர தேவி சிலையப் பாக்க வருவாங்க. நீங்க எதைத் தேடி வந்திருக்கீங்க மாமா?" என்று கேட்டான். மகுடத்தைத் தேடி என்றேன்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறவன். சில வருடங்களுக்கு முன் ஒரு புத்தகத்தில் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ழான்-மிஷேல் பாஸ்கியாவின் படைப்புகளைப் பார்த்தேன். பல படங்களில் மூன்று முனை வைத்த ஒரு மகுடம் இருந்தது. அளவெடுத்துப் போட்டதில்லை. என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ராஜா வரையச் சொன்னால் முகத்துக்கு முன்னால் கிரீடத்தைத்தான் வரைவார்கள், கையை எடுக்காமல் ஒரே கோட்டில் மேலும் கீழுமாக இழுத்து. அதே கோடு. அதன் பிறகு பார்த்தால், கறுப்பினக் கலைஞர்களின் படங்களில் எங்கும் மகுடம், சிம்மாசனம், குதிரைமேல் ராஜா. அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ராஜா படத்தின்மேல் ஏன் இத்தனை ஈர்ப்பு? இந்தக் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன்.

பாஸ்கியா 1960-ல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஹெய்ட்டி நாட்டுக்காரர், அம்மா போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. மகனைச் சின்ன வயதிலேயே இந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்து, ஆறு வயதில் இளம் உறுப்பினராகச் சேர்த்துவிட்டவர் அந்த அம்மாதான். ஏழு வயதில் தெருவில் விளையாடும்போது பையன்மேல் கார் மோதியது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனுக்கு உடற்கூறியல் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பின்னாளில் பாஸ்கியாவின் படங்களில் மண்டை ஓடும் எலும்பும் வந்துகொண்டே இருந்ததற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். படியேறும்போது அந்தத் தாயையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நான் பார்க்க வந்தது இன்னொரு கறுப்பின ஓவியர் கெஹிண்டே வைலியின் ஓவியம். 'ஆல்ப்ஸ் மலையைக் கடந்து படை நடத்தும் நெப்போலியன்', 2005. ஏறத்தாழ 9 அடிக்கு 9 அடி. ழாக்-லூயி டேவிட் வரைந்த நெப்போலியன் படத்தை நாம் எல்லோருமே எங்காவது பார்த்திருப்போம். முன்னங்கால் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை, காற்றில் பறக்கும் மேலங்கி, மலையை நோக்கி நீளும் கை. வைலி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, குதிரைமேல் ஆளை மட்டும் மாற்றிவிட்டார். நெப்போலியன் இருந்த இடத்தில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட சட்டையும் டிம்பர்லேண்ட் பூட்சும் போட்ட ஒரு கறுப்பு இளைஞர். பின்னால் மலையும் வானமும் பாதி காணாமல் போய், சிவப்பில் தங்கப் பூவேலை செய்த பட்டுத் துணிபோல் ஒரு திரை.

நான் நெடுநேரம் நின்றது படத்தின் கீழ்மூலையில். டேவிட்டின் படத்தில் பாறைமேல், ஆல்ப்ஸைப் படையோடு கடந்த மூவரின் பெயர்கள் செதுக்கியிருக்கும்: போனபார்ட், ஹன்னிபால், கரோலஸ் மாக்னஸ். வைலி அந்த மூன்றையும் விட்டுவைத்து, கூடவே நான்காவதாக ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். வில்லியம்ஸ். அந்த இளைஞரின் பெயர் அது. வைலி தன் படங்களுக்கு ஆட்களைத் தெருவில்தான் தேடுவார். போகிறவரை நிறுத்தி, படத்துக்கு நிற்கிறீர்களா என்று கேட்பார். இந்தப் பழக்கத்தின் ஆரம்பம் நியூயார்க்கின் கறுப்பினப் பேட்டையான ஹார்லெம். அங்கே ஸ்டுடியோ அருங்காட்சியகத்தில் தங்கி வேலை செய்த நாட்களில், தெருவில் கிடந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். போலீஸ் தேடும் ஒரு கறுப்பு இளைஞனின் படமும் விவரமும். ஒரு மனிதனின் முகத்தை நாடு பதிவு செய்யும் விதம் இதுதானா என்ற எண்ணம் அவரை விடவில்லை. அரசர்களுக்கு மட்டும் கிடைத்த உருவப்படம் இவர்களுக்கும் வேண்டும் என்று வரைய ஆரம்பித்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் பின்திரையில் விந்தணுக்கள் நெளிகின்றன. குதிரை, வாள், வீரம் என்று ஆண்மையை ஊதிப் பெருக்கும் பழைய ஓவியங்களை அவர் கும்பிட்டு நிற்கவில்லை, கேள்வியும் கேட்கிறார். எனக்கு இது பிடித்திருந்தது.

ஹ்யூ லாக்கின் 'கோஹினூர்' என்ற 2005-ஆம் ஆண்டுப் படைப்பும் இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அதை இணையத் தொகுப்பில்தான் பார்த்துக்கொண்டேன். எலிசபெத் ராணியின் முகம், முழுக்கப் பிளாஸ்டிக் பொம்மைகளாலும் பூக்களாலும் மணிகளாலும் ஆனது. லாக் எடின்பரோவில் பிறந்து கயானாவில் வளர்ந்தவர். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் மக்களின் வாரிசுகளும் வாழும் நாடு அது. கோஹினூர் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியும். 1849-ல் பத்து வயதுப் பையன் துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி எடுத்துப்போனார்கள். ராஜ அலங்காரம் என்பது யாரிடமிருந்தோ பறித்தது என்பதை லாக் மலிவான பிளாஸ்டிக்கைக் கொண்டே சொல்லிவிடுகிறார். கல்லைப் பறிகொடுத்த பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு அது வேறு மாதிரி உறைத்தது.

இரண்டாம் நாள்: பெட்-ஸ்டை

புரூக்ளினின் இந்தப் பகுதியைப் பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்ட் என்று யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. பெட்-ஸ்டைதான். செங்கல் நிற வீடுகள், வாசலில் உயரமான படிக்கட்டு, படியில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள். ஜி ரயிலில் இறங்கி நடந்தோம்.

பெட்ஃபோர்டு அவென்யூவும் குவின்சி தெருவும் சேரும் முனையில் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரை நிறைத்து 'நியூயார்க்கின் ராஜா' சுவரோவியம். ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., இயற்பெயர் கிறிஸ்டோபர் வாலஸ், பேட்டைக்காரர்களுக்குப் பிக்கி. 2015-ல் வரைந்தது. 2017-ல் கட்டட உரிமையாளர் சுவரை மாற்றப் பார்த்தபோது அக்கம்பக்கத்தார் குரல் கொடுத்துத் தடுத்திருக்கிறார்கள்.

இந்த உருவத்துக்கு மூலம் ஒரு புகைப்படம். 1997 மார்ச் 6, பாரன் கிளைபோர்ன் எடுத்தது. சிவப்புப் பின்னணி, தலையில் சற்றுச் சாய்ந்த தங்க நிறக் கிரீடம், சிரிக்காத முகம். பிக்கியை ராஜாவாகக் காட்ட வேண்டும் என்பது புகைப்படக்காரரின் யோசனை. 'பர்கர் கிங்' கடையின் விளம்பர ராஜா மாதிரி ஆகிவிடப் போகிறது என்று கூட இருந்தவர்கள் தயங்கினார்கள். பிக்கி தயங்காமல் எடுத்து வைத்துக்கொண்டார். மூன்றே நாளில், மார்ச் 9 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. அந்தக் கிரீடம் சில டாலருக்கு வாங்கிய பிளாஸ்டிக். 2020-ல் சோத்பீஸ் ஏலத்தில் 5,94,750 டாலருக்குப் போனது.

அவர் வளர்ந்த செயின்ட் ஜேம்ஸ் பிளேஸ் வரை நடந்தோம். அம்மா ஜமைக்காவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை, மகனைத் தனியாக வளர்த்தவர். 2019-ல் தெருவின் அந்தப் பகுதிக்குப் பிக்கியின் பெயரை வைத்தார்கள். பச்சைப் பலகையில் பெயரைப் பார்த்தபோது, நேற்றுப் பாறையில் பார்த்த வில்லியம்ஸ் ஞாபகம் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு முடி பின்னும் கடை. கண்ணாடிக்கு உள்ளே ஒரு சிறுமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பின்னிக்கொண்டிருந்தார்கள். தலைமுடியை மகுடம் என்று சொல்லும் வழக்கம் இங்கே கறுப்பினப் பெண்களிடம் உண்டு. பின்னலையும் சடையையும் காரணம் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் கலிஃபோர்னியாவும், அதே மாதத்தில் நியூயார்க்கும் இயற்றிய சட்டத்தைக் 'கிரௌன்' சட்டம் என்றே அழைக்கிறார்கள். நமக்கோ சொல்லே ஒன்றுதான். முடி என்றால் கூந்தல், முடி என்றால் மகுடம். முடிசூட்டு விழா என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை. அக்கா மகனிடம் சொன்னேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?" என்று வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள்: கொரோனா

இன்று அவனுக்கு வகுப்பு. நான் தனியாக 7 ரயிலில் குவீன்ஸ் போனேன். போன ஊரின் பெயர் கொரோனா. ஸ்பானிய மொழியில் மகுடம் என்று அர்த்தம். லூயி ஆம்ஸ்ட்ராங் 1943-லிருந்து 1971-ல் இறக்கும் வரை வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது. உலகமே கொண்டாடிய டிரம்பட் கலைஞர், தொழிலாளர்கள் வாழும் தெருவில் சாதாரணச் செங்கல் வீட்டில் இருந்திருக்கிறார். நீல நிறச் சமையலறை அவ்வளவு அழகு.

1949-ல் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கழகமான ஜூலூ, மார்டி கிரா திருவிழா ஊர்வலத்துக்கு அவரை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தது. அதே சமயத்தில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது, தலையில் டிரம்பட்டுகளால் ஆன மகுடத்தோடு.

ஜாஸ் உலகின் பெயர்களைப் பாருங்கள். கிங் ஆலிவர், டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி. ராஜா, கோமகன், பிரபு. நரைத்த தலையுள்ள கறுப்பு ஆணைக்கூட அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'பாய்', அதாவது பையா, என்று கூப்பிட்ட காலம் அது. 'மிஸ்டர்' என்ற ஒரு சொல்லைக்கூடத் தர மறுத்தார்கள். இவர்கள் அதைக் கேட்டுக் காத்திருக்கவில்லை, பெயருக்கு முன்னால் பட்டத்தையே சூட்டிக்கொண்டார்கள்.

நான்காம் நாள்: 57, கிரேட் ஜோன்ஸ் தெரு

பாத் ரயிலில் ஒன்பதாம் தெருவில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கிரேட் ஜோன்ஸ் தெரு. 57-ஆம் எண் இரண்டு மாடிக் கட்டடம். புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்குச் சொந்தமாக இருந்தது. பாஸ்கியா 1983-லிருந்து இங்கே வாடகைக்கு இருந்து வரைந்தார். 1988 ஆகஸ்ட் 12 அன்று, 27 வயதில், ஹெராயின் அளவு மீறி இங்கேயே இறந்தார். 2016-ல் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். இப்போது நடிகை ஏஞ்சலினா ஜோலியின் அத்தெலியே ஜோலி என்ற தையல், கலைக்கூடம் இங்கே நடக்கிறது.

முகப்புச் சுவரில் கை வைக்க இடமில்லை. பெயர்கள், முகங்கள், ஸ்பிரே வண்ணம், ஒட்டிய தாள்கள். அவற்றின் நடுவே திரும்பத் திரும்ப அந்த மூன்று முனை மகுடம். உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது.

அந்தக் குறியைப் பாஸ்கியா தெருவிலிருந்துதான் எடுத்தார். 1970-களில் நியூயார்க் சப்வே ரயில்களின் உடம்பெல்லாம் சிறுவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள். இப்படி எழுதும் பெயருக்கு 'டேக்' என்று பெயர். புதிதாக வந்து சரியாக எழுதத் தெரியாதவன் 'டாய்'. ஒரு ரயில் தடம் முழுக்க மற்றவர்களைவிட அதிகமாக, அழகாகப் பெயரைப் பதித்தவன் அந்தத் தடத்துக்குக் 'கிங்'. அவன் தன் பெயருக்கு மேல் ஒரு மகுடம் போட்டுக்கொள்ளலாம். பெயருக்கு மேல் முதலில் மகுடம் போட்டவர் ஃபிலடெல்ஃபியாவின் கார்ன்பிரெட் என்று சொல்வார்கள். சொத்தில்லை, வம்சமில்லை, வீட்டு வாடகைக்கே வழியில்லாத பையன்கள். இருந்தது ஒரு பெயரும் எழுதும் கையும்தான். சட்டப்படி அது குற்றம், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் துணிச்சலை நினைத்து எனக்கு மனம் நிறைகிறது.

பாஸ்கியாவும் நண்பர் ஆல் டயஸும் 1970-களின் கடைசியில் 'சேமோ' என்ற புனைபெயரில் இந்தத் தெருக்களின் சுவர்களில் வாசகங்கள் எழுதினார்கள். பின் அவர் கேன்வாஸுக்குப் போனபோது மகுடமும் கூடவே போனது. ஒரே ஒரு மாற்றம்தான். தெருவில் அவனவன் தன் பெயருக்குப் போட்டுக்கொண்டதை இவர் மற்றவர்களுக்குச் சூட்டினார். குத்துச்சண்டை வீரர்கள் ஜோ லூயிஸ், சுகர் ரே ராபின்சன். இசைக் கலைஞர் சார்லி பார்க்கர். உங்கள் படங்கள் எதைப் பற்றி என்று கேட்டபோது ராஜரீகம், வீரம், தெரு என்று மூன்றே சொல்லில் பதில் சொன்னார். மூன்று முனையும் கவிஞன், இசைஞன், குத்துச்சண்டை வீரன் என்ற மூன்று ராஜ வம்சங்கள் என்பார் அவர் நண்பர், ஓவியர் பிரான்செஸ்கோ கிளெமெண்டே.

வாசலில் நின்று, கையோடு கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்து, அவரது 1982-ஆம் ஆண்டு ஓவியம் 'சார்ல்ஸ் தி ஃபர்ஸ்ட்' இருக்கும் பக்கத்தை எடுத்தேன். தலைப்பில் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ல்ஸ் இருக்கிறான், 1649-ல் தலை வெட்டப்பட்டவன். படம் சார்லி பார்க்கருக்கு, 34 வயதில் இறந்தவருக்கு. கீழே ஒரு வரி. இளம் ராஜாக்களில் பெரும்பாலோரின் தலை வெட்டப்படுகிறது என்று. 'இளம்' என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறார். அடித்த சொல்லைத்தான் ஆட்கள் கூர்ந்து படிப்பார்கள் என்பது அவர் எண்ணம். நானும் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். இதை எழுதும்போது அவருக்கு வயது 21 அல்லது 22.

அடுத்த ஆண்டு, 1983 செப்டம்பரில், மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கறுப்பு இளைஞரை இந்தப் பக்கத்துச் சப்வே நிலையத்தில் சுவரில் எழுதியதாகச் சொல்லிப் போலீஸ் பிடித்தது. மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார். இது நானாகவும் இருந்திருக்கலாம் என்று பாஸ்கியா கலங்கிப் போனார். நண்பர், ஓவியர் கீத் ஹேரிங்கின் ஸ்டுடியோச் சுவரில் அந்தச் சாவை வரைந்தார். தடியோடு இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் முகமில்லாத ஒரு கரிய உருவம்.

பாஸ்கியா இறந்தபோது ஹேரிங் வரைந்தது ஒரு முக்கோணப் படம். மகுடங்களை அள்ளிக் கொட்டிய குவியல், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள்: மெட்ரோபாலிட்டனும் டுவேன் தெருவும்

மெட் அருங்காட்சியகத்தில், 2025-ல் புதுப்பித்துத் திறந்த ராக்ஃபெல்லர் பிரிவுக்கு நேராகப் போனோம். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் ராஜமாதா இடியாவின் தந்த முகம் அங்கே இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு. மன்னன் எசிகியின் தாய். ஏறத்தாழ ஒரு சாண் உயரம். கண்ணிமையில் இருக்கும் அமைதியை எப்படிச் செதுக்கினார்களோ. தலையில் மகுடம்போல் ஒரு வரிசை. உற்றுப் பார்த்தால் ஒரு மீன், தாடி வைத்த ஒரு தலை, மறுபடி மீன், மறுபடி தலை. தாடிக்காரர்கள் கடல் வழியே வந்த போர்ச்சுகீசியர்கள். அவர்களையே தன் தாயின் மகுடத்தில் வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறான் மன்னன்.

1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைக் கொளுத்திவிட்டு அள்ளிக்கொண்டு போனவற்றில் இதுவும் ஒன்று. இதன் ஜோடி லண்டனில் இருக்கிறது. 1977-ல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு அந்த முகம்தான் சின்னம். இரவலாகக் கேட்டும் லண்டன் தரவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். அக்கா கட்டிக் கொடுத்தது. அக்கா மகன் மெதுவாகக் கேட்டான். "மாமா, ராஜாவே வேணாம்னுதானே எல்லாரும் சண்டை போட்டோம்? அந்த ராஜாக்களும் ஆளைப் பிடிச்சு வித்தவங்கதானே? அப்புறம் எதுக்கு இவங்களுக்கு மகுடம்?"

நியாயமான கேள்வி. மேற்கு ஆப்பிரிக்க அரசர்களில் பலர் போரில் பிடித்தவர்களை வெள்ளைக்காரக் கப்பல்களுக்கு விற்றது உண்மை. நாங்கள் ராஜ பரம்பரை என்று மார்தட்டுவதில் எனக்கும் ஒப்புதல் இல்லை, எந்த நாட்டில் யார் சொன்னாலும். ஆனால் இந்த ஐந்து நாளில் நான் பார்த்த மகுடங்கள் பரம்பரை பேசவில்லையே. பாஸ்கியா மகுடம் வைத்தது குத்துச்சண்டை வீரனுக்கும் சாக்ஸபோன் வாசித்தவனுக்கும். வைலி குதிரையில் ஏற்றியது தெருவில் போனவரை. பிக்கி தலையில் இருந்தது சில டாலர் பிளாஸ்டிக். இவர்களில் யாருக்கும் ஆள ஒரு சாண் நிலமில்லை, அடக்க ஒரு குடிமகன் இல்லை. இப்படித்தான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேருக்கு மேல போடுறதுதான் முக்கியம், இல்ல?" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதால்தான் திரும்பும் வழியில் டுவேன் தெருவில் இறங்கினோம். 1991-ல் அரசு அலுவலகம் ஒன்று கட்ட அங்கே தோண்டியபோது கீழே ஒரு இடுகாடு வெளிப்பட்டது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்த நகரத்தின் ஆப்பிரிக்கர்களைப் புதைத்த இடம். 15,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வெளியே எடுத்த 419 பேரை ஆய்வுக்குப் பின் 2003-ல் மறுபடி அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஏழு புல்மேடுகள் இருக்கின்றன. அவர்களில் ஒரு பெண்ணின் இடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த சரம் இருந்தது. கண்ணாடி மணிகள், கடல் தாண்டியும் கழற்றாமல் வைத்திருந்த அலங்காரம். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆய்வாளர்கள் கொடுத்தது ஓர் எண். 340.

இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. ரயிலில் அவன் கைப்பேசியை எடுக்கவே இல்லை.

ஆறாம் நாள்: கிரீன்-வுட்

புரூக்ளினில் இருபத்தைந்தாம் தெரு நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏறினால் கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்தின் வாசல். 1838-ல் தொடங்கியது. கோபுரம் வைத்த பெரிய கல் வளைவு. கோபுர இடுக்குகளில் சுள்ளி அடைத்துக் கூடு கட்டியிருக்கின்றன பச்சைக் கிளிகள். பனி பெய்யும் ஊரில் கிளிச் சத்தம் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே பணக்காரக் குடும்பங்களின் கல்லறைகள் சின்னக் கோயில்கள் மாதிரி நிற்கின்றன. தூண், தேவதை, வெண்கலக் கதவு. அவற்றைத் தாண்டி, நெருக்கமாகக் கற்கள் நிற்கும் வரிசையில் பாஸ்கியாவைத் தேடிக் கண்டுபிடித்தோம். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சாம்பல் நிறக் கல். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே 'ஓவியர்' என்ற பொருளில் ஒரே சொல். மகுடம் செதுக்கவில்லை.

அதை வந்தவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். கல்லின்மேலும் காலடியிலும் பேனாக்கள், காய்ந்த தூரிகைகள், நாணயங்கள், மழையில் நனைந்து மை கரைந்த ஒரு கடிதம். மஞ்சள் அட்டையில் வெட்டிய மகுடம் ஒன்றை யாரோ கூழாங்கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். அட்டையின் முனைகள் சமமாக இல்லை. சிறுபிள்ளை வெட்டியதாக இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து வரும்போது வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் ஒரு நோட்டில் தங்கள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஓவியர் இருக்கும் இடத்தில் காட்டுங்கள் சார் என்று சொல்லி. நோட்டைத் திறந்து கல்லுக்கு எதிரே வைத்தேன். அக்கா மகன் என் பென்சிலை வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். படிக்க வராத அந்த எழுத்துகளின் மேல், ஒவ்வொரு பெயராக, மூன்று முனை போட ஆரம்பித்தான். பதினேழாவது பெயரில் நிமிர்ந்து, "இது என்ன பேரு மாமா?" என்றான். படித்துச் சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனான். நாற்பத்திரண்டும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. பென்சிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.